பண்ட மேலாண்மை: பட்டம் பெற்றார்க்கு ஒரு தொழில்

கல்லூரிப் படிப்பு முடிந்தபின் யாது செய்வது என்னும் வினா இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவர் உள்ளத்தையும் அலைப்பதாகும். ஆசிரியத் தொழில், அரசாங்க உத்தியோகம், வங்கி, கணினித் தொழில் ஆகியவற்றையே நம் விருதுநகர் வட்டாரத்தார் பெரிதும் எண்ணுகின்றனர். அண்மைக் காலத்தில் 'புராடக்ட் மேனேஜர்' என்னும் பெயரும் மாணவரிடையே அடிபடுகின்றது. பெயரைக் கேட்டோர் பலர். பொருளை அறிந்தோர் சிலர். ஆதலின் அத்தொழிலின் இயல்பையும் அதற்கு வேண்டும் தகுதியையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

தமிழில் இதனைப் பண்ட மேலாண்மை எனலாம். உற்பத்தி மேலாளர் வேறு. பண்ட மேலாளர் வேறு. 'எங்ஙனம் செய்வது? எத்துணை செய்வது?' என்று கேட்பவர் முன்னவர். 'ஏன் செய்வது? யாருக்காகச் செய்வது? செய்யாது விடுதல் நன்றோ?' என்று கேட்பவர் பின்னவர். ஒரு பண்டம் கருத்தாய்த் தோன்றும் நாள் முதல் கடையினின்று மறையும் நாள்காறும் அதன் நன்மை தீமைகளுக்கு விடை கூறவேண்டியவர் அவரே. ஆயினும் பொறியாளர்மீதோ விற்பனையாளர்மீதோ அவருக்கு நேரான ஆணை பெரும்பாலும் இல்லை. பொறுப்புப் பெரிது, அதிகாரம் சிறிது. எனவே, சொல்லாலும் சான்றாலும் பிறரை இணங்கச் செய்யும் ஆற்றலே அவருக்குப் படைக்கலமாம்.

இத்தொழிலின் வரலாறு கூறுவோர் அமெரிக்க நாட்டுப் புராக்டர் அண்டு காம்பிள் கம்பெனியிலிருந்து தொடங்குவர். அங்கே நீல் மெக்கெல்ராய் என்னும் இளைஞர் காமே என்னும் சோப்பின் விளம்பரப் பணியைக் கவனித்து வந்தார். அதே கம்பெனியின் ஐவரி சோப்பினது பெரும்புகழின் நிழலில் காமே தலையெடுக்க இயலவில்லை. 1931ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அவர் மூன்று பக்கக் குறிப்பொன்று எழுதி, ஒவ்வொரு பண்டத்தையும் தம்முடையதாகக் கருதிக் காப்பதற்குத் தனியே ஆட்கள் வேண்டும் என்றார். அம்முறை பின்னர்க் கணினி மென்பொருள் கம்பெனிகளிலும் பரவியது. கூகுள் கம்பெனி 2002ஆம் ஆண்டில் புதுப் பட்டதாரிகளைச் சேர்த்து இத்துறையில் பயிற்றும் திட்டமொன்றைத் தொடங்கிற்று.

பெயர் அயல்நாட்டில் பிறந்ததாயினும், செயல் நமக்குப் புதிதன்று. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியினின்று கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றனர். மீண்டு வந்து தம் ஊரில் அத்தொழிலை நிறுவினர். மழை குறைந்த கரிசல் நிலம் உழவர்க்குக் குறையே. ஆனால் ஈரத்தை அஞ்சும் தீக்குச்சிக்கு அதுவே நிறைவு. வேளாண்மையால் மட்டும் பிழைக்க மாட்டாத கைகளும் இங்கே மிகுதி. இவ்விரண்டையும் கண்டு, அவற்றிற்கேற்ற பண்டத்தைத் தெரிந்ததே அவர்தம் நுண்மை. அணில், காக்கை முதலிய படங்கள் தீப்பெட்டிகளின் சின்னங்களாயின. எழுத்தறியாதாரும் படத்தைச் சுட்டிக் கேட்டு வாங்கலாமன்றோ? அச்சீட்டுகளின் தேவையே சிவகாசியின் அச்சுத் தொழிலை வளர்த்தது. பட்டாசுத் தொழில் 1940ஆம் ஆண்டை ஒட்டிப் பெருகியது.

தமிழ் பயில்வார் இவ்விடத்துத் திருக்குறளை நினைத்தல் இயல்பு. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கும் நான்கு அதிகாரங்களும் அரசற்குக் கூறியனவே. எனினும் ஆக்கமும் இழப்பும் எண்ணல், தன் வலியும் பிறர் வலியும் தூக்கல், பருவம் பார்த்தல், களம் தெரிதல் என்னும் அந்நான்கும் பண்ட மேலாளர்க்கும் அன்றாட வேலையாம். மென்பொருளோ மத்தாப்போ, பண்டம் யாதாயினும் இம்முறை மாறாது.

இதற்குப் பட்டாசே தக்க சான்று. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் சரவெடியை விலக்கியது. பேரிய உப்புகளைப் பட்டாசில் சேர்த்தலையும் தடுத்தது. பேரியம் பச்சை ஒளியைத் தருவது. பேரிய நைட்ரேட்டோ கம்பி மத்தாப்பு எரிவதற்கு உயிர்வளி தருவது. எனவே, ஒரே தீர்ப்பால் மக்கள் பெரிதும் விரும்பிய ஒரு பண்டம் நீங்கிற்று; வேறு பல பண்டங்களின் மருந்துக் கலவையும் மாறவேண்டியதாயிற்று. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் நுண்துகளை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கும் 'பசுமைப் பட்டாசு' முறைகளை வகுத்தனர். அறிவியலார் கலவையைத் தந்தனர். சட்டம் எல்லையைத் தந்தது. ஆயின், எப்பண்டத்தைக் கைவிடுவது, எதனைத் திருத்துவது, விலையை எங்ஙனம் அமைப்பது, போலியினின்று மெய்யை வாங்குவோர் எங்ஙனம் பிரித்தறிவது என்னும் வினாக்கள் எஞ்சின. இவற்றிற்கு விடை காண்பதே பண்ட மேலாண்மை.

இன்னும் ஒன்று உண்டு. அஃது உயிரோடு தொடர்புடையது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரும் நம் மாவட்டத்தில் இத்தகைய துயரம் ஓய்ந்திலது. தீபாவளி நெருங்குங்கால் வாணிகர் மிகுதியாகக் கேட்பர். 'இத்தனை பெட்டி, இந்த நாளுக்குள்' என்று ஒப்புக்கொள்பவரது மேசையிலேயே பல இடர்கள் தொடங்குகின்றன. அவ்வெண்ணை எட்டுவதற்கு, உரிமம் குறித்த அளவுக்கு மேல் அறையில் ஆட்களை அமர்த்த நேரிடின், அவ்விற்பனை ஊதியமன்று, கேடு. 'இயலாது' என்று உரிய காலத்தில் உரைப்பவரே நல்ல பண்ட மேலாளர். வாங்குவோர் முகத்தை மட்டும் நோக்கிச் செய்வோர் முகத்தை மறப்பவர் அப்பெயர்க்கு உரியரல்லர்.

இனி, மாணவர் இதனுள் புகுமாறு யாது? பட்டம் பெற்ற மறுநாளே இப்பதவி கிடைத்தல் அரிது. வாடிக்கையாளர் உதவி, விற்பனை, மென்பொருள் சோதனை, வடிவமைப்பு முதலியவற்றில் சில ஆண்டு உழைத்து இதற்கு வந்தோரே மிகுதி. சென்னையும் பெங்களூரும் மட்டுமே இடம் என்று எண்ணுதலும் வேண்டா; சோகோ கம்பெனி நமக்கு அணித்தாகிய தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் இருந்தே மென்பொருள் ஆக்குகின்றது. பொறியியல் கற்றார்க்கே இது உரியது என்பதும் முழு உண்மையன்று. பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டலும், கேட்டதைத் தெளிவுறச் சுருக்கி எழுதுதலும் இதற்கு வேண்டும். உரை கண்டும் பாடபேதம் ஆராய்ந்தும் பழகிய இலக்கிய மாணவர்க்கு இவை கைவந்தனவே. கணக்கும் கணினியும் அவர் முயன்று கற்கவேண்டுவன.

பயிற்சி இன்றே தொடங்கலாம். தீப்பெட்டியோ, நாட்காட்டியோ, சங்கு சக்கரமோ, ஒரு பண்டத்தைக் கைக்கொள்க. அதனை வாங்குவோர் பதின்மரையும், விற்போர் இருவரையும், செய்வோர் இருவரையும் வினவுக. யாருக்கு இது பயன்படுகின்றது, அவர்க்குள்ள இடர் யாது, நாம் செய்யத்தக்க ஒரு மாற்றம் யாது, அம்மாற்றம் பயன் தந்ததென்பதை எதனால் அறிவோம் என்னும் நான்கிற்கும் ஒரு பக்கத்தில் விடை எழுதுக. பின்பு அதனைச் செய்வோரிடமே படித்துக் காட்டுக. அவர் கூறும் திருத்தமே முதற் பாடமாகும்.