கூத்துக்குத் தாமதமாகப் போங்கள்

இத்தாலியின் வெரோனாவில், ரோமானியர் கட்டிய வட்டரங்கில், 1913இல் தொடங்கிய கோடை ஓபரா விழா இன்றும் நடக்கிறது. இருட்டியபின் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடியும். கள்ளக்குறிச்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் வெயில் காலத்தில் நடக்கும் பாரதக் கூத்தும் பாட்டால் கதை சொல்லும் திறந்தவெளி நாடகம்தான். ஆனால் இது முடிவது விடியலில். வெளியூர்க்காரர்கள் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து, ஒரு மணிக்கு எழுந்து போய்விடுகிறார்கள். முழு இரவும் உட்கார முடியாதவர் விட வேண்டியது முன்பாதியை, பின்பாதியை அல்ல என்பது என் கட்சி.

கூத்து தொடக்கத்தில் அவசரம் காட்டாது. கடவுள் வாழ்த்து, கட்டியங்காரன் வருகை, பிறகு ஒவ்வொரு வேடமாகத் திரைப் பிரவேசம். இருவர் பிடித்த துணிக்குப் பின்னால் நின்று வேடக்காரர் தன் பெருமையைப் பாடுவார். திரை விலகியதும் சுழன்றாடுவார். கட்டியங்காரன் கேட்க, தான் யாரென்று மறுபடியும் சொல்வார். ஒரு ராஜ வேடம் வந்து நிலைகொள்ளவே வெகுநேரமாகும். நடுநடுவே அன்பளிப்புக் கொடுத்தவர்கள் பெயர் மைக்கில் வரும். (செலவு ஊருடையது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.) கதை சூடு பிடிப்பது அதற்குப் பிறகு. கர்ண மோட்சம் என்ற கூத்தில், போருக்குப் புறப்படும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் வாதாடும் இடம்தான் அந்த இரவின் உயிர். கர்ணன் சாயும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். துரியோதனன் சாகும் பதினெட்டாம் போரோ கூத்துக் களத்தில் முடிவதே இல்லை. மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தருகே வேடக்காரர்கள் காலையில் வந்து சேர்கிறார்கள். தொடையில் அடி விழுவதும் பாஞ்சாலி கூந்தல் முடிப்பதும் அந்தப் படுகளத்தில், பகல் வெளிச்சத்தில். உளுந்தூர்பேட்டை வட்டம் கூவாகத்திலும் இதே முறைதான். சித்திரை விழாவில் இரவு அரவானைக் கணவனாக எண்ணித் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், மறுநாள் அவன் களப்பலிக்குப் பிறகே தாலி அறுத்து அழுகிறார்கள். இரவோடு ஊர் திரும்பியவர் கல்யாணத்தை மட்டும் பார்த்தவர்.

ஆட்டத்தின் அழகெல்லாம் பிரவேசத்தில்தானே, அதையா விடச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எல்லா வேடமும் முன்னிரவிலேயே வந்துவிடுவதில்லை. பிந்தி வருகிறவருக்கும் ஒன்றிரண்டு பிரவேசம் கிடைக்கும். முடிவு ஒருமுறைதான் வரும். நடுவில் நுழைந்தால் கதை புரியாதே என்பவர்களுக்குப் பாரதப் பிரசங்கம் இருக்கிறது. வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கியார் பகலிலேயே கதையை விரித்துச் சொல்லிவிடுவார். அதைக் கேட்டு, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வாருங்கள். விழா மேடைகளில் ஒரு மணி நேரத்தில் காட்டுகிறார்களே, அது போதாதா என்றால், போதாது. அங்கே வேடத்தைப் பார்க்கலாம். அந்த வேடத்தின் கோபம் மெல்ல ஏறுவதற்கு அங்கே நேரம் கிடையாது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் தங்கிக் கீழே கூத்துக்கு வருகிறவர்கள் விடியும்வரை இருப்பது இன்னொரு வகையிலும் நல்லது: நடுராத்திரியில் மலைப்பாதை ஏற வேண்டாம். பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையிலும் விடிகாலையில் குளிரும். ஒலிபெருக்கிக்கு நேரே உட்காராமல், மத்தளமும் முகவீணையும் நேரடியாகக் காதில் விழும்படி பின்பாட்டுக்காரர்கள் பக்கம் இடம் பிடியுங்கள். கூத்தை முதலில் பார்ப்பவள் அம்மன் என்பது ஊர் வழக்கம். சன்னதிக்கும் களத்துக்கும் நடுவே மறைக்கக் கூடாது. படுகளத்துக்குள் போவதற்குமுன் செருப்பைக் கழற்றிவிடுங்கள்.