கையிற் பந்தும் நாவிற் சொல்லும்

மேடையேறிய பிள்ளைக்குச் சொல் மறந்துபோவது புதுமையன்று. பெரியோர்க்கும் அது நேர்வதுண்டு. மறந்தபின் என்ன செய்வது என்பதை நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கின்றோமா என்பதே இங்கு எழும் வினா.

சென்ற ஆண்டுப் பேச்சுப்போட்டியில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி, இரண்டு பக்கப் பேச்சை மனனஞ் செய்து வந்து, நடுவில் ஒரு சொல்லிலே தடுக்கி நின்றாள். மண்டபம் அமைதியாயிற்று. முன்வரிசையில் இருந்த அம்மம்மா வாயசைத்துச் சொல்லைக் காட்டினார், பிள்ளை காணவில்லை. கண்கலங்கி இறங்கியவள், அதன்பின் பல வாரங்கள் வகுப்பிலே தமிழில் வாய் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே மறுமொழி வந்தது. பிழை பிள்ளையுடையதன்று. சொற்களை மனனஞ் செய்வித்த நாம், சொல் தவறும் கணத்துக்கு அவளை ஆயத்தஞ் செய்யவில்லை. அக்குறையை நீக்கும் வழியை நாம் ஒரு தெருமுற்றத்திலே கண்டுகொண்டோம். அதனைப் பெற்றோருடனும் மாணவருடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்றத்தில் ஒரு பாடம்

கோடை விடுமுறையில் மாணவர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு இலண்டன் கொவன்ற் கார்டனுக்குச் சென்றோம். அங்குள்ள தூய பவுல் தேவாலயம் இனிகோ ஜோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தது, 1633இல் நிறைவெய்தியது. நாடகக் கலைஞரின் தேவாலயம் என்றே மக்கள் அதனை அழைப்பர். 1662ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் அவ்விடத்தில் இத்தாலியப் பொம்மலாட்டம் ஒன்றைக் கண்டதாகச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அச்செய்தியை அத்தேவாலயச் சுவரிலே பொறித்துள்ளனர். பழங்களும் காய்கறிகளும் விற்ற பெருஞ்சந்தை 1974இல் நைன் எல்ம்ஸ் பகுதிக்குப் பெயர்ந்தது. பழைய சந்தைக் கட்டடம் 1980இல் கடைத்தெருவாகத் திறக்கப்பட்டது. அன்றுதொட்டுத் தேவாலயத் தூண்களின் முன்னுள்ள முற்றம் தெருக்கலைஞரின் களமாக விளங்குகின்றது.

நாம் சென்ற அன்று இளைஞர் ஒருவர் மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்தவாறே பேசிக்கொண்டிருந்தார். திடீரென ஒரு பந்து கைதவறி உருண்டது. எமது மாணவர் "ஐயோ" என்றனர். அவரோ சிறிதும் கலங்காது ஒரு வாக்கியம் சொன்னார். கூட்டம் முழுவதும் நகைத்தது. பந்தைப் பிடித்தபோது கிடைத்ததிலும் அதிகமான கைதட்டல் பந்தைத் தவறவிட்டபோது கிடைத்தது. மாலையில் அவர் மறுமுறையும் காட்சி நடத்தினார். அதே இடத்தில் பந்து விழுந்தது. அதே வாக்கியம் வந்தது. அதே சிரிப்பு எழுந்தது.

அப்பொழுது அம்மாணவி எம் பக்கம் திரும்பி, "அப்ப, அவர் அதையும் பாடமாக்கி வைச்சிருக்கிறாரா, ரீச்சர்?" என்று கேட்டாள். பல வாரங்களின் பின் அவள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் வாக்கியம் அது. ஆம் என்றோம். அன்றே இப்பாடம் தொடங்கிற்று.

பேச்சின் நான்கு பகுதிகள்

தெருவித்தைக்காரர் வாய்க்கு வந்ததைப் பேசுபவர்போலத் தோன்றுவார். உண்மையில் அவர் பேச்சு எழுதித் திருத்திப் பலமுறை சொல்லிப் பழகியது. அதனை நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது அழைப்பு. மண்டபத்தில் கூட்டம் முன்னரே அமர்ந்திருக்கும். தெருவிலோ கூட்டத்தை உண்டாக்குதல் வேண்டும். வழியே போகும் நால்வரை நிறுத்தினால், அந்நால்வரைக் கண்டு நாற்பதின்மர் நிற்பர். எனவே முதற்பேச்சு குறுகியதாயும் கேட்டவுடன் விளங்குவதாயும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது நடுப்பகுதி. எளிய வித்தைகள் நடக்க, பகிடிகள் இடையிடையே வரும். கூட்டத்திலிருந்து ஒருவரை உதவிக்கு அழைப்பதும் இங்கேதான். மூன்றாவது தொப்பிப் பேச்சு. கட்டணம் வாங்கிக் கதவடைக்கும் வசதி தெருவில் இல்லை. இறுதி வித்தை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். ஆதலால் அதற்கு முன்னரே கலைஞர் தொப்பியைக் காட்டித் தம் உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்டுவிடுவர். கேட்பது இரத்தல் ஆகாதவாறு மானமும் நகையும் கலந்து பேசுதல் வேண்டும். இப்பேச்சில் இதுவே எழுதுவதற்குக் கடினமான பகுதி. நான்காவது இறுதி வித்தை. அங்கே பேச்சு குறையும், கை பேசும்.

இம்முற்றத்தில் 1980களில் தெருக்காட்சி நடத்திய எடி இசார்ட், பின்னர் உலகறிந்த நகைச்சுவைக் கலைஞரானார். அவர் ஆங்கிலத்தோடு நில்லாது பிரெஞ்சு, யேர்மன், ஸ்பானிய மொழிகளிலும் மேடையேறி மக்களைச் சிரிக்க வைத்தவர். வீட்டுமொழி அல்லாத மொழியிலே பகிடி சொல்ல அவர் துணிந்தார். வீட்டுமொழியிலேயே சொல்ல எம் பிள்ளைகள் அஞ்சலாமா?

நம்மிடம் இருந்த கலை

பந்தெறிந்துகொண்டே சொல்லாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் உள்ளன. கந்துகம் என்பது பந்து. கலம்பகத்தின் உறுப்புகளுள் அம்மானையும் ஒன்று. பெண்பாற் பிள்ளைத்தமிழிலே அம்மானைக்கெனத் தனிப்பருவம் உண்டு. யாழ்ப்பாணத்து முற்றங்களில் கல்லை மேலெறிந்து கொக்கான் வெட்டி விளையாடிய அம்மம்மாமார் பலர் இன்றும் எம்மிடையே உள்ளனர். நாட்டுக்கூத்தின் கட்டியகாரனோ கூட்டத்தைக் கூட்டி, கதையைத் தொடக்கி, இடையிடையே பகிடி விட்டவன். கொவன்ற் கார்டன் கலைஞரை அவனுக்கு உறவினர் என்றே சொல்லலாம்.

இவற்றுள் அம்மானையின் அமைப்பைச் சற்று உற்றுநோக்குவோம். மகளிர் மூவர் காய்களை எறிந்து பிடித்தவாறு பாடுவர். முதலாமவள் ஒரு செய்தியைப் பெருமையாகக் கூறுவாள். இரண்டாமவள் அதிலே ஓர் ஐயத்தை எழுப்புவாள். மூன்றாமவள் சிலேடையால் விடை சொல்லி முடிப்பாள். செய்தி, ஐயம், விடை என்னும் இம்மூன்று படிகளே இன்றைய நகைச்சுவைப் பேச்சின் எலும்புக்கூடும் ஆகும். எமது மாணவர் மூவர் இம்முறையில் ஆக்கியதைக் கீழே தருகின்றோம்.

முதலாமவர்: எங்கள் அண்ணன் இலண்டன் வந்து ஆறு பிடித்தார் அம்மானை!
இரண்டாமவர்: ஆறு பிடித்தது உண்மை ஆமாகில், கையில் மூன்றுதானே அம்மானை?
மூன்றாமவர்: தேம்ஸ் என்னும் ஆற்றை அவர் படம் பிடித்தார் அம்மானை!

ஆறு என்பது எண்ணையும் நதியையும் குறிக்கும். பிடித்தல் என்பது கையாற் பிடித்தலையும் படம் பிடித்தலையும் குறிக்கும். இதனைக் கேட்டுச் சிரித்த பிள்ளை, சிலேடை என்னும் அணியை இனி மறவாது.

எழுதும் முறை

பகிடி எந்தச் சொல்லிலே வெடிக்கின்றதோ அச்சொல் இறுதியில் நிற்றல் வேண்டும். அதன்பின் வேறு சொற்கள் வந்தால் சிரிப்பு அவற்றுள் அமுங்கிவிடும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இறுதியில் வருவது எளிது. தமிழிலே வினைமுற்று இறுதியில் வந்து நிற்கும். "இந்த வித்தையை எனக்கு என் அம்மம்மா கற்பித்தார்" என்றால் அம்மம்மா நடுவிலே மறைந்துபோகின்றார். "உலகத்திலேயே கண்டிப்பான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இந்த வித்தையை எனக்குக் கற்பித்தவர் அவர்தான். அவர் என் அம்மம்மா" என்று மாற்றிப் பாருங்கள். கற்பித்தவர் என்பது வினையாலணையும் பெயர். அம்மம்மா என்பது பெயர்ப் பயனிலை. வகுப்பிலே உறக்கம் வரவழைத்த இலக்கணம் இங்கே சிரிப்பை வரவழைக்கின்றது.

கைக்கும் வாய்க்கும் ஒப்பந்தம் வேண்டும். மூன்று பந்து வித்தையில், ஒரு பந்து உச்சியை அடையும்போது அடுத்த பந்து கையைவிட்டுப் புறப்படும். கண் அவ்வுச்சியையே நோக்கியிருக்கும். இவ்வோட்டம் சீராகப் பழகிய பின்னரே அதனோடு பேச்சைச் சேர்க்கலாம். எறியும்போது சொல்லைத் தொடங்கி, எல்லாப் பந்தையும் பிடித்து நிறுத்தும் கணத்திலே பகிடிச் சொல்லை வைத்தல் நன்று. கடினமான வித்தையின்போது வாய் மூடியிருப்பதே அறிவு.

பிறர் உடலையோ உடையையோ பேச்சையோ பழித்துச் சிரிப்பு வாங்குதல் கூடாது. உதவிக்கு அழைத்தவரை "மாமா, வாருங்கள்" என மதித்து அழைத்து, மதிப்போடு அனுப்புதல் வேண்டும். கேலிக்கு ஆள் தேவையெனின் பேசுபவர் தம்மையே கேலி செய்துகொள்ளலாம். எமது மாணவர் எழுதிய அழைப்புப் பேச்சு ஒன்று: "கிட்ட வாருங்கள்! பந்து படாது. பட்டாலும் பஞ்சுப் பந்து. நோகிறது என்று பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். நீங்கள் இன்னும் பணமே தரவில்லை!"

விழும் பந்துக்கு ஒரு வரி

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்திய வித்தைக்காரர் இலண்டனில் பந்தெறிந்து புகழ்பெற்றனர். அவர்களுள் ஒருவரை ஆங்கிலேயர் ராமோ சாமி என எழுதினர். இராமசாமி என்னும் பெயரே அவ்வாறு திரிந்தது என்று கருதப்படுகின்றது. 1850இல் அவர் இலண்டனிலே காலமானபோது, அடக்கச் செலவுக்கே குடும்பத்தார் பொதுமக்களிடம் உதவி வேண்ட நேர்ந்தது. கைதட்டியவர் பலர், தொப்பி நிறையவில்லை.

அக்காலத்து ஆங்கிலக் கட்டுரையாசிரியர் வில்லியம் ஹாஸ்லிற் இந்திய வித்தைக்காரர் பற்றி 1821இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நான்கு பித்தளைப் பந்துகளை ஒருங்கே ஆட்டிய கையைக் கண்டு, தம் எழுத்தை எண்ணி அவர் நாணினார். எழுத்தின் பிழை மறைந்து கிடக்கலாம். பந்தின் பிழையை அக்கணமே எல்லோரும் காண்பர் என்பது அவர் கருத்தின் சாரம்.

எமது பிள்ளைகள் தமிழ் பேசும்போது நிகழ்வதும் இதுவே. றகரமா ரகரமா என்று தடுமாறினால் அக்கணமே எல்லோரும் காண்கின்றனர், சிலர் சிரிக்கின்றனர். அச்சிரிப்புக்கு அஞ்சிய பிள்ளை மொழியையே கைவிடுகின்றது. வித்தைக்காரரோ சிரிப்பைத் தாமே முந்திக்கொண்டு வரவழைக்கின்றார். பந்து விழும் என்பதை ஒப்புக்கொண்டு, விழும்போது சொல்ல ஒரு வரியை ஆயத்தமாக வைத்திருக்கின்றார். எமது வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அத்தகைய ஒரு வரியை எழுதச் செய்தோம். அவற்றுள் இரண்டு:

"மூன்றில் இரண்டு பிடித்தேன். அறுபத்தாறு புள்ளி! தமிழ்ச் சோதனையில்கூட எனக்கு இவ்வளவு வந்ததில்லை."

"நியூற்றனுக்கு அப்பிள் விழுந்தது, எனக்குப் பந்து விழுந்தது. அவர் விஞ்ஞானி ஆனார். நான் குனிந்து எடுக்கிறேன்."

சொல் மறந்தால் கூறுவதற்கும் ஒரு வரி உண்டு: "அந்தச் சொல் இப்போதுதான் இங்கே நின்றது; தேநீர் குடிக்கப் போய்விட்டது. யாராவது கண்டீர்களா?" இவ்வாறு கேட்டவுடன் அவையிலுள்ள பெரியோர் அச்சொல்லை எடுத்துக் கொடுப்பர். பிள்ளை நன்றி கூறிப் பேச்சைத் தொடரலாம்.

வீட்டிலே செய்யத்தக்க பயிற்சி

ஒன்று: மூன்று சோடிக் காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்குங்கள். முதலில் ஒன்றைக் கண்மட்டத்துக்கு எறிந்து மறுகையில் பிடித்துப் பழகுங்கள். பின் இரண்டு, பின் மூன்று. கட்டிலின் முன் நின்று பழகினால் விழும் பந்தை எடுக்க அதிகம் குனிய வேண்டியதில்லை.

இரண்டு: குடும்பத்தில் மூவர் சேர்ந்து செய்தி, ஐயம், விடை என ஓர் அம்மானை ஆக்குங்கள். மாலை, திங்கள், படி என்னும் சொற்களுக்கு இரு பொருள் தேடித் தொடங்கலாம்.

மூன்று: ஒரு தொப்பியை வையுங்கள். காசுக்குப் பதிலாக, வீட்டிலுள்ளோர் ஒவ்வொரு தமிழ்ச்சொல்லைத் தாளில் எழுதி இடட்டும். பிள்ளை ஒன்றை எடுத்து, பந்தை எறிந்தவாறே அச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லட்டும். பந்து விழுந்தால் ஆயத்தமான வரியைச் சொல்லட்டும். அவ்வேளையில் பெற்றோர் பிழை திருத்தாது, சிரித்துக் கைதட்டுதல் வேண்டும். திருத்தத்தைத் தேநீர் வேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இம்மலர் உங்கள் கைகளில் விரிந்திருக்கும் இவ்விழாவில், சென்ற ஆண்டு கண்கலங்கி இறங்கிய அம்மாணவியும் தோழியர் இருவரும் மூன்று பஞ்சுப் பந்துகளுடன் மேடையேறுகின்றனர். பேச்சை எழுதியவர்களும் அவர்களே. அவையிலுள்ள பெரியோரை நாம் பணிவுடன் வேண்டுவது ஒன்றுண்டு. பந்தோ சொல்லோ கைதவறி விழுமாயின், "ஐயோ" என்னாதீர்கள், சற்றுப் பொறுத்திருங்கள். அதற்கும் அவளிடம் ஒரு வரி உண்டு. அது தமிழ் வரி.