பரிந்துரைக்குப் பலம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பகுதிநேரமாகக் கணிதம் கற்பிக்கிறேன். புதிய சட்டங்கள் வந்தபின், அடிப்படைப் பாடங்களைப் படிக்காமலே பலர் நேராகக் கால்குலஸ் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். கூடவே ஒரு துணை வகுப்பு வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் பலமுறை கேட்டுவிட்டோம். "பார்க்கலாம்" என்பதோடு சரி. எங்கள் பரிந்துரைக்கு ஏதாவது மதிப்பு உண்டா?
– ஒரு வாசகி, கலிபோர்னியா

பதில்: உண்டு, சட்டமே அதைத் தந்திருக்கிறது. ஆனால் துறைக் கூட்டத்தில் வாயால் சொன்னதற்கு அந்த மதிப்பு கிடைக்காது. ஆசிரியர்களின் பிரதிநிதி அமைப்பான அகாடமிக் செனட் வழியாக எழுத்தில் போனால்தான் கிடைக்கும்.

இதற்கு அடித்தளம் 1988-ல் வந்த ஏபி 1725 சட்டம். அதையொட்டிய டைட்டில் 5 விதிகளின்படி பாடத்திட்டம், பட்டத்துக்கான தகுதிகள், மதிப்பெண் முறை, மாணவர் தயார்நிலை போன்றவற்றில் நிர்வாக வாரியம் செனட்டைக் கலந்துதான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் 'டென் பிளஸ் ஒன்' என்று பேசிக்கொள்வது இந்தப் பட்டியலைத்தான்.

கலந்தாலோசிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், வாரியம் முதன்மையாகச் செனட்டின் கருத்தையே சார்ந்து நடக்கும். விதிவிலக்கான சூழலில், வலுவான காரணம் இருந்தால் மட்டுமே பரிந்துரையை மறுக்கலாம். செனட் கேட்டால் காரணத்தை உடனே எழுத்தில் தரவேண்டும். மற்றொன்றில், இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வரவேண்டும். உங்கள் கல்லூரியில் பாடத்திட்டத்துக்கு எந்த வழி என்பதை வாரியக் கொள்கை ஆவணத்தில் முதலில் பாருங்கள். பல கல்லூரி மாவட்டங்களில் அதன் எண் 2510.

அடுத்து, எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். நீங்கள் சொல்லும் புதிய சட்டங்கள் 2017-ன் ஏபி 705, 2022-ன் ஏபி 1705 ஆகியவை; அந்த மாநிலச் சட்டங்களை ஒரு கல்லூரியின் பரிந்துரையால் மாற்ற முடியாது. பழைய அடிப்படை வகுப்புகளை அப்படியே திரும்பக் கேட்டால் பதில் 'இல்லை' என்றுதான் வரும். அதே பருவத்தில் கூடவே நடக்கும் துணை வகுப்பை அந்தச் சட்டங்களே அனுமதிக்கின்றன. ஆகவே உங்கள் கோரிக்கை சரியான இடத்தில்தான் நிற்கிறது.

இனி எழுதும் விதம். "மாணவர்கள் சிரமப்படுகிறார்கள்" என்ற வரி யாரையும் அசைக்காது. திருத்திய விடைத்தாள்களை எடுத்து வையுங்கள். வகையிடலைச் சரியாகச் செய்த மாணவர், அதற்கடுத்த வரியில் பின்னத்தைச் சுருக்கும்போது தடுமாறியிருப்பார். எங்கே தடுமாறினார், எத்தனை பேர் அப்படி என்று குறியுங்கள். துணை வகுப்புக்கு எத்தனை யூனிட், வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன பாடப்பகுதி என்று பாடவரைவையும் சேர்த்துக் கொடுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் பணமும் நேரமும்தான். தேவைக்கு மேல் ஒரு மணிகூடக் கேட்காதீர்கள். பாடத்திட்டக் குழுவில் முதலில் எழும் கேள்வியும் "இத்தனை மணி தேவையா?" என்பதாகத்தான் இருக்கும்.

துணை வகுப்புக்கான சம்பளம், பணிச்சுமை பற்றிய பேச்சைத் தனியே வையுங்கள். அது 1975-ன் ராடா சட்டப்படி தொழிற்சங்கம் பேசவேண்டியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் பாடத்துக்கான வாதம் ஊதியக் கோரிக்கையாகப் படிக்கப்படும்.

பகுதிநேர ஆசிரியர் என்று தயங்க வேண்டாம். பல செனட்களில் உங்களைப் போன்றோருக்குப் பிரதிநிதி உண்டு. இல்லாவிட்டாலும், செனட் கூட்டங்கள் பிரவுன் சட்டத்தின்கீழ் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டங்கள். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சிநிரல் வெளியாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு யாரும் வந்து பேசலாம்.

வகுப்பில் நின்று கற்பிப்பவருக்குத் தெரிவது அலுவலகப் புள்ளிவிவரத்தில் முழுதாக வராது. அதனால்தான் இந்த உரிமையைச் சட்டம் ஆசிரியர்களிடம் கொடுத்தது. துறைத் தலைவரின் ஒப்புதலோடு வரைவைப் பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்புங்கள், அங்கிருந்து செனட் தீர்மானமாக்குங்கள். அதன்பிறகும் வாரியம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி செனட்டைக் கேட்க வையுங்கள். அதற்குப் பின் "பார்க்கலாம்" என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.