தூரத்தைக் கேட்கப் பழகு

அன்புள்ள மகளுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. லண்டன் குளிர் பழகிவிட்டதா என்று நான் கேட்பதற்குள் நீ கேள்வியோடு வந்துவிட்டாய். கல்லூரிக் கட்டணம் போக மிஞ்சுகிற பணத்தில் ஓபராவுக்கு டிக்கெட் எடுப்பது கட்டுப்படியாகவில்லை. ரேடியோவில் கேட்டும் சினிமா தியேட்டரில் நேரலை பார்த்தும் ஓபரா பாடும் தொழிலைப் படித்துக்கொள்ள முடியுமா டீச்சர் என்று எழுதியிருந்தாய். முடியும். ஆனால் இரண்டுமே உன்னிடமிருந்து ஒன்றை மறைத்துவிடும். அது என்னவென்று தெரிந்துகொண்டு கேட்டால்தான் உனக்குப் பிரயோசனம்.

முதலில் ரேடியோ. குளிர்காலத்தில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் சனிக்கிழமை மதியக் காட்சி ஒரு மணிக்குத் தொடங்கினால் உனக்கு மாலை 6.00, பாளையங்கோட்டையில் எனக்கு இரவு 11.30. வீடு அடங்கியபின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளக்கை அணைத்துவிடுவேன். எங்கள் தலைமுறைக்கு இது புதிதல்ல. ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பார்க்காத சினிமாவையும் காதாலேயே பார்த்து முடித்தவர்கள். செருப்புச் சத்தத்தை வைத்தே உள்ளே வருவது யாரென்று சொல்லிவிடுவோம்.

மெட் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1931 டிசம்பர் 25 அன்று, ‘ஹான்சலும் கிரேட்டலும்’ ஓபராவோடு. அன்று முதல் 1975 ஜனவரியில் இறக்கும்வரை மில்டன் கிராஸ் என்ற ஒரே மனிதர் அறிவிப்பாளராக இருந்தார். திரை எழும்புமுன் மேடையில் என்ன இருக்கிறது, யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பிறகு குரல்கள்தான். 1935 பிப்ரவரி 2 அன்று வாக்னரின் ‘வால்க்யூர’வில் ஒரு நார்வேப் பாடகி அங்கே முதன்முறையாகப் பாடினார். வயது 39, அமெரிக்காவில் யாருக்கும் பெரிதாகத் தெரியாதவர். இடைவேளையில் ரேடியோவில் பேச வந்த பழைய நட்சத்திரப் பாடகி ஜெரால்டின் ஃபாரார், வியப்பை அடக்கமுடியாமல் புது நட்சத்திரம் வந்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். வீட்டு அடுப்படிகளில் நின்றுகொண்டிருந்தவர்கள் முகம் தெரியாமலேயே அந்தக் குரலுக்கு ஆட்பட்டார்கள்.

நீ இப்போது ‘ரிகோலெட்டோ’ ஓபராவில் மத்தலேனா பாத்திரத்தைப் படிப்பதாகச் சொன்னாய். அதனால் அந்த மூன்றாம் அங்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதை முதலில் ரேடியோவில் கேள், ஸ்கோரைத் திறக்காமல். நால்வர் பாட்டில் நீயும், ரிகோலெட்டோவின் எதிரியான பிரபுவும் சத்திரத்துக்குள்ளே; ரிகோலெட்டோவும் அவன் மகளும் சுவருக்கு வெளியே. நான்கு பேருக்கும் நான்கு மனசு. உன் பங்கு சிறுசிறு துணுக்காக, சிரிப்பு மாதிரி வெட்டி வெட்டி வரும். கண்ணுக்கு வேலையில்லாதபோது அந்தச் சிரிப்புக்கு நடுவே எங்கே மூச்சு எடுக்கிறார்கள் என்பது தெளிவாகக் கேட்கும். அதைப் பென்சிலால் குறித்துக்கொள்.

பிறகு புயல் வருகிறது. அந்தக் காற்று எதனால் ஆனது தெரியுமா? மேடைக்குப் பின்னால் நிற்கும் ஆண்கள் கொயர், வாயை மூடிக்கொண்டு முனகுவது. முப்பது வருடம் கொயர் நடத்தியவள் நான். முதன்முதல் அதைக் கண்டுகொண்ட இரவில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நள்ளிரவில் ரிகோலெட்டோ வருகிறான். தன் எதிரியின் பிணம் என்று நம்பி ஒரு சாக்குமூட்டையை வாங்கி ஆற்றில் தள்ளப் போகிறான். அப்போது எங்கேயோ தொலைவில் அந்த எதிரியே பாடிக்கொண்டு போவது கேட்கிறது. பிரபு உயிரோடிருக்கிறான் என்பதை ரிகோலெட்டோவும் காதால்தான் தெரிந்துகொள்கிறான்; நாமும் அப்படித்தான். அந்த ஒரு நிமிடத்தில் கதை முழுவதும் ஒரு குரலின் தூரத்தில் தொங்குகிறது. குரல் பத்தடி பக்கத்தில் வந்துவிட்டால் காட்சி செத்துவிடும்.

தூரம் என்று சொன்னேன் அல்லவா, மைக் மறைப்பது அதைத்தான்.

அந்தக் காலத்திலேயே சிலருக்கு இது புரிந்திருந்தது. 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்பவர் ஓபரா மேடையின் முன்விளிம்பில் டெலிபோன் கருவிகளை வரிசையாக வைத்து, கேட்பவர் ஒவ்வொரு காதிலும் ஒரு குழலை வைத்துக்கொள்ளும்படி செய்தார். பாடகர் இடமிருந்து வலம் நடப்பது காதில் தெரிந்தது. ஆனால் அதுகூடப் பக்கவாட்டுத் தூரம்தான். மேடைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் குரல் என்ன பாடுபடுகிறது என்பதை எந்தக் கம்பியும் கொண்டுவரவில்லை.

இனி தியேட்டர். மெட்டின் நேரலை 2006 டிசம்பர் 30 அன்று ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில் தொடங்கியது. என் மகன் நியூஜெர்சியில் இருப்பதால் அங்கே போகும்போதெல்லாம் பார்ப்பேன். திரையில் பாடகரின் தாடை முன்னால் தள்ளுகிறதா, நாக்கு எங்கே படுத்திருக்கிறது, தோள் தூக்குகிறதா என்று பார்க்கலாம். முன்வரிசையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து உட்கார்ந்தவருக்கும் கிடைக்காத வசதி இது. நீ இன்னொன்றும் பார்: அந்த நேரத்தில் பாடாதவர்களை. மத்தலேனாவுக்குப் பாட்டு கொஞ்சம், நிற்பது அதிகம்.

2014 ஏப்ரல் 5 அன்று ‘லா போயெம்’ பார்க்கப் போனேன். கதாநாயகி மிமியாகப் பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை. முந்தின இரவுதான் அதே மேடையில் ‘மதாமா பட்டர்ஃபிளை’ பாடி முடித்திருந்த கிறிஸ்டீன் ஓபொலைஸ், விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் தூங்கியிருக்கிறார். ஏழரைக்குப் போன் வந்தது. மதியம் ஒரு மணிக்கு, உலகம் முழுவதும் தியேட்டர்களில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மிமி. கேமரா களைப்பை அவர் முகத்தில் தேடியது. நான் நீளமான வரிகளின் முடிவில் தேடிக்கொண்டிருந்தேன். உன் வயதில் இருப்பவர்கள் இதைத் துணிச்சல் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறு. மிமியை அவர் முன்பே பாடி உடம்பில் ஏற்றி வைத்திருந்தார். அந்தக் காலையில் தேடி எடுக்கவேண்டிய நிலையில் எதுவும் இல்லை.

ஆனால் அதே காட்சியில் எனக்கு ஒரு மனக்குறை. முதல் அங்கத்தின் முடிவில் காதலர் இருவரும் பாடிக்கொண்டே அறையை விட்டுப் போகிறார்கள். கடைசிச் சுரம் வெளியிலிருந்து வரவேண்டும். நான் இருந்த தியேட்டரில் ஒலியை அளவுக்கு மேல் தூக்கி வைத்திருந்தார்கள். போனவர்கள் போகவேயில்லை, என் மடியில் உட்கார்ந்து பாடியதுபோல முடிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், பாடகர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும். அந்த அன்பு எனக்குப் பிடித்தது. ஆனாலும் மனம் நிறையவில்லை.

அடுத்த முறை போனபோது மகனிடம் சொல்லி அதே ஓபராவுக்கு மெட்டிலேயே டிக்கெட் எடுத்தேன். திரையில் பார்த்த, ஸெஃபிரெல்லி வடிவமைத்த அதே அரங்க அமைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஃபேமிலி சர்க்கிள் மாடத்தில் இடம். அந்த அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள். சரவிளக்குகள் மெல்ல உயர்ந்து கூரைக்குப் போனதும் இருட்டு. மேடையில் மனிதர்கள் விரல் நகம் அளவுதான். மைக் கிடையாது. முதல் ஐந்து நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது; குரல் இவ்வளவு சிறியதா என்று. பிறகு காது அரங்கின் அளவுக்கு விரிந்துகொண்டது. முதல் அங்கம் முடிந்து அவர்கள் வெளியே போனார்கள். அந்தக் கடைசிச் சுரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மெலிந்துகொண்டே, ஆனால் அறுந்துபோகாமல், தெருவில் யாரோ போவதுபோல மேலே வந்து சேர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் தெரிந்தது. தியேட்டரில் கேட்டு நான் கொண்டாடிய ஒரு பாடகரின் குரல், வேறோர் இரவு மெட்டில் நேரில் கேட்டபோது, ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி மேலே ஏறவில்லை. திரையில் மெல்லிய குரலும் பெரிய குரலும் ஒரே உயரம். ஒலிக் கலவைக்காரர் இரண்டையும் சமமாக்கித் தந்துவிடுவார். அதைக் கேட்டே பாடப் பழகினால் நீ அறியாமலேயே மைக்குக்குப் பாடத் தொடங்குவாய்; உன் கைகளும் கேமராவுக்கு ஏற்றபடி சுருங்கிவிடும்.

மைக் இல்லாமல் ஒரு குரல் எப்படி ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டுகிறது? ஆர்கெஸ்ட்ராவின் பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் திரண்டு நின்று, மேலே போகப்போகக் குறைகிறது. உன்னைப் போன்ற மெஸ்ஸோ பெண்குரலுக்கும் ஆண்குரல்களுக்கும் நல்ல பயிற்சியில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஓர் ஒலித் திரட்சி உண்டாகும். காதுக்குக் கூர்மை அதிகமான இடமும் அதுதான். ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுந்த்பெரி இதை விளக்கியிருக்கிறார். ஓபராக் குரல் ஆர்கெஸ்ட்ராவை முட்டித் தள்ளிக்கொண்டு வருவதில்லை. அதில் இருக்கிற சந்து வழியாக வருகிறது.

இதைப் படித்த அன்று உன்னைத்தான் நினைத்தேன். நம் கொயரில் ஆல்ட்டோ வரிசையில் மூன்றாவதாக நிற்பாய். உன் குரலில் ஒரு மணியோசை உண்டு. கீர்த்தனையில் அது மட்டும் தனியாகத் தெரியும். ‘அடக்கு, மற்றவர்களோடு கலந்துகொள்’ என்று ஆறு வருடம் சொன்னேன். கொயருக்கு அது சரி. ஆனால் நான் அமுக்கச் சொன்னது அந்தச் சந்தில் நுழையக்கூடிய ஒரே சாவியை. இப்போது உன் ஆசிரியர் அதைத் திரும்ப எடுக்கச் சொன்னால் தயங்காதே. டீச்சர் வேண்டாமென்றார்களே என்று தொண்டை இறுகினால், நானே விடுதலை தருகிறேன். இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துக்கொள்.

ரேடியோவை விடாதே. தியேட்டருக்குப் போ, வாயையும் மூச்சையும் பார்க்கப் போ, குரலின் அளவைத் தெரிந்துகொள்ளப் போகாதே. நேரில் பார்க்கும் ஓபரா மாதம் ஒன்று வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். காவென்ட் கார்டனில் ராயல் ஓபராவின் மேல்மாடத்தில் மேடை பாதி மறையும் மலிவான இடங்களும், நின்று பார்க்கும் இடங்களும் உண்டு. பாதி மேடை போதும். அங்கிருந்து ‘ரிகோலெட்டோ’வைக் கேள். மத்தலேனாவின் சிரிப்பு உன் வரைக்கும் வருகிறதா, எந்தச் சுரம் வருகிறது, எது வழியிலேயே விழுந்துவிடுகிறது என்று குறித்துக்கொள்.

பிறகு உன் கல்லூரியின் பெரிய அரங்கு காலியாக இருக்கும் ஒரு மாலையில், பியானோ வாசிக்க ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அதே பகுதியைப் பாடு. இன்னொரு தோழியைக் கடைசி வரிசையில் உட்காரவை. போனில் பதிவு செய்யாதே. அவளுக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை என்று அவள் சொன்னபடியே எனக்கு எழுது. சனிக்கிழமை இரவு நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் கொயர் டீச்சர்