பணி ஓய்வும் சிறுத்தொண்டர் காட்டிய வழியும்

பணி ஓய்வு ஒரு நாளில் வந்து சேர்வது. அதனை ஏற்கும் மனப்பக்குவம் ஒரு நாளில் வருவதன்று. தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 2021ஆம் ஆண்டில் 60 ஆக உயர்த்தப்பட்டது. அந்த அகவை வரை அலுவலகமே உலகமென வாழ்ந்தவர், மாலையும் சால்வையும் ஏற்று இல்லம் திரும்பிய மறுநாள் காலையில் செய்வதறியாது திகைப்பதுண்டு. ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் கணக்கிட்டு வைப்போர் பலர். மனத்தை ஆயத்தம் செய்வோர் சிலரே.

இதற்கு வழிகாட்டும் வரலாறு ஒன்று பெரியபுராணத்தில் உள்ளது. திருச்செங்காட்டங்குடியில் தோன்றிய பரஞ்சோதியார் மருத்துவ நூலும் படைக்கலப் பயிற்சியும் கற்றவர். மன்னனின் படைத்தலைவராய்ச் சென்று வாதாபியை வென்றவர். அவர் சிவனடியார் என்பதை அமைச்சர்கள் வாயிலாக அறிந்த மன்னன், அடியவரைப் போர்முனைக்கு அனுப்பினோமே என்று வருந்தினான். பெருநிதி அளித்து அவரைப் பணியினின்று விடுவித்தான். அவர் சொந்த ஊருக்குத் திரும்பினார். அங்கே அவர் வாழ்ந்த வாழ்வு நான்கு பாடங்களைத் தருகின்றது.

1. பதவியை இறக்கி வைத்தல்

வாதாபி வென்ற தலைவர், அடியார்முன் தம்மை மிகச் சிறியவராக்கிப் பணிந்து நின்றார். அதனாலேயே ‘சிறுத்தொண்டர்’ என்னும் திருப்பெயர் பெற்றார். அலுவலகத்தில் கிடைத்த வணக்கத்திற் பெரும்பகுதி நாற்காலிக்கு உரியது. இதனை ஓய்வுக்கு முன்பே உணர்ந்தவர், பின்னர் எதிரில் வருவோர் வணங்காது சென்றாலும் வாடமாட்டார். பணிக்காலத்தை எண்ணி வருந்தவும் வேண்டுவதில்லை. தம் குலத்திற்குரிய கடமையைச் செய்ததில் தீங்கு ஏதுமில்லை என்றே அவர் மன்னனிடம் கூறினார்.

2. இல்லத்தில் இடம் அறிதல்

பல்லாண்டுகள் பகற்பொழுதில் இல்லத்தை நடத்தியவர் இல்லத்தரசி. ஓய்வு பெற்றவர் அங்கே அதிகாரியாய் அமர்ந்து சமையலறை முதல் செலவுக் கணக்கு வரை குறை காணத் தொடங்கினால் அமைதி குலையும். சிறுத்தொண்டர் அடியாரைத் தேடி அழைத்து வந்தார். துணைவியார் திருவெண்காட்டு நங்கை அமுது சமைத்தார். இருவரும் ஒரே அறத்தைப் பகிர்ந்து செய்தனர். கணவனும் மனைவியும் எவ்வேலை எவருடையது என ஓய்வுக்கு முன்பே கலந்து பேசுதல் நன்று.

3. நாள்தோறும் ஒரு கடமை

அடியார்க்கு அமுதளித்த பின்னரே தாம் உண்பது என்னும் நியமத்தை அவர் தவறாது காத்தார். ஓய்வுக் காலத்தில் மனத்தைத் தளரச் செய்வது வேலையின்மை மட்டுமன்று. தம்மை எதிர்பார்ப்பார் எவருமில்லை என்னும் எண்ணமே. குறித்த நேரத்தில் குறித்த தொண்டு என்று ஒன்று இருப்பின் அவ்வெண்ணம் அணுகாது. திருநாவுக்கரசர் தம் நிறைவுக் காலத்திலும் திருப்புகலூரில் உழவாரப்பணி செய்து வந்தார்.

4. புதிய சுற்றம்

உடன் பணியாற்றியோரின் நட்பு, அலுவல் முடிந்ததும் சுருங்குதல் இயல்பு. எனவே தம் பதவியை அறியாதவரோடும் பழகத் தொடங்க வேண்டும். திருக்கோயில் இதற்கேற்ற இடம். திருமுறை ஓதும் கூட்டத்திலும், உழவாரப்பணியிலும், 2002ஆம் ஆண்டு தமிழகத் திருக்கோயில்களில் தொடங்கப்பெற்ற அன்னதானத்திலும் மேலதிகாரி, கீழ்ப்பணியாளர் என்னும் வேறுபாடில்லை. துணையை இழந்து தனித்திருப்போர்க்கு இச்சுற்றமே பெருந்துணையாகும்.

இவையனைத்தையும் ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே தொடங்குதல் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் தொண்டுக்கெனக் கொடுத்துப் பழகியவருக்கு, ஓய்வு நாள் வாழ்வின் முடிவாகத் தோன்றாது. அந்த ஒரு நாள் ஏழு நாளாக விரிந்ததாகவே தோன்றும். வாதாபி வென்ற பெருமையினும், சிறியராய் நின்று அமுதளித்த பெருமையே பரஞ்சோதியாரை நாயன்மார் வரிசையில் நிறுத்தியது. அவரது குருபூசை நாளாகிய சித்திரைப் பரணியில் இதனைச் சிந்தித்து, இறையருள் துணையுடன் ஓய்வுக் காலத்தைத் தொண்டுக் காலமாக்குவோமாக.