2020 இறுதியில் கப்பல் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்திருந்தோருக்கான அறிவுரை

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் விதித்த கப்பல் பயணத் தடைக்கு மாற்றாக அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று நிபந்தனை ஆணையை வெளியிட்ட போதிலும், கப்பல்கள் புறப்படும் நாள் அப்போது உறுதியாகவில்லை.

1. விளம்பரத் தேதியை நம்பி விமானச்சீட்டு வாங்க வேண்டாம். தன்னார்வலர்களைப் பயணிகளாக ஏற்றி நோய்த்தடுப்பு ஏற்பாடுகளைச் சரிபார்க்கும் ஒத்திகைப் பயணத்தை நடத்திச் சான்றிதழ் பெற்ற கப்பலே கட்டணப் பயணிகளை ஏற்ற இயலும் என்பது அந்த ஆணையின் விதியாக இருந்தது.

2. ஏழு நாட்களுக்கு மேற்பட்ட பயணத்தைத் தவிர்க்கவும். 2020 ஆணை அதை அனுமதிக்கவில்லை.

3. இறுதித் தவணைக்கான கெடு நெருங்காதவரை அவசரப்பட்டு விலக வேண்டாம். நிறுவனமே ரத்து செய்தால் பெரும்பாலும் முழுப்பணம் திரும்பும், தாமாக விலகுவோருக்கோ பயண வரவு, அதாவது அடுத்த பயணக் கட்டணத்தில் மட்டும் கழித்துக்கொள்ளத்தக்க தொகையே பெரும்பாலும் கிடைக்கும்.

4. காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குப் பகுதியை முதலில் படிக்கவும். பல பத்திரங்கள் பெருந்தொற்றை ஏற்பதில்லை.