அம்மாவின் மஞ்சப்பை

“என்னம்மா செய்யுது?” என்று டாக்டர் கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான். “ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கேன்.” இரண்டு பஸ் மாறிக் கோவில்பட்டி வந்து, ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்துக் கிடந்து, உள்ளே போய்ச் சொல்வது இதுதான். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, “உள்ளங்காலு காந்துறதச் சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்” என்பாள். இப்போதெல்லாம் பஸ்ஸிலேயே கேட்டு மூன்று வரி எழுதிக்கொள்கிறேன். அதை வாசித்துக் காட்டியபின்தான், “ஆமா சார், ராத்திரிதான் ரொம்ப” என்று அவளே பேச ஆரம்பிக்கிறாள்.

பதினைந்து வருடமாக ஒரே டாக்டர். டோக்கன் போடுவது கம்பவுண்டர் அண்ணாச்சி. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. சொல்லிவிட்டால் முன்னே பின்னே மாற்றிக் கூப்பிடுவார். சொல்லாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

உண்மையான பாடம் ஒரு ஐப்பசியில் கிடைத்தது. உளுந்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேச்சு குழறியது. பக்கத்துக் காட்டு அத்தை மடியிலிருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாயை உடைத்து வாயில் கொடுத்தாள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய்தான், இந்த வேலைக்குத் தோதுப்படவில்லை. டீத்தூக்கில் சீனியைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் கண் தெளிந்தது. சுகர் இறங்கியதுதான் காரணம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். கடலையில் எண்ணெய் இருக்கிறது, அதனால் இனிப்பு ரத்தத்தில் சேரத் தாமதமாகும். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சுகர் ஏன் இறங்கியது? 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபின் சுகர், பிரஷர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. கரிசக்காட்டில் கூலி வேலை பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும். தப்பு எங்களுடையது. வீட்டுக்கு வந்த மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை, டாக்டர் எழுதியதை மாத்திரை கொண்டுவருகிறவரிடம் காட்டவில்லை. ஒரு அட்டை வெள்ளை, இன்னொன்று பச்சை. இரண்டிலும் கீழே பொடி எழுத்தில் கிளிமிபிரைடு. ஒரே மருந்தை அம்மா இரண்டு மடங்கு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு மஞ்சப்பை. பழைய சீட்டு, ரத்த டெஸ்ட் தாள், இசிஜி, தின்று தீர்த்த அட்டைகள் எல்லாம் அதில். மாத்திரை தீர்ந்ததும் அட்டையைத் தூர எறிவதில்லை. டாக்டர் மேஜையில் அப்படியே கொட்டிவிடுகிறோம். போன வருடம் நெஞ்சுவலி என்று திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தபோது, அங்கே அவர்கள் முதலில் கேட்டதே பழைய இசிஜி இருக்கிறதா என்றுதான்.

அம்மாவிடம் இன்னொரு கள்ளத்தனம் உண்டு. டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, கேப்பைக்கூழுக்கு மாறிவிடுவாள். டாக்டரிடம் நல்ல பிள்ளைப் பெயர் வாங்கத்தான். சந்தேகப்பட்ட டாக்டர் மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்டை எழுதினார். குட்டு உடைந்தது. “ரெண்டு நாள் பட்டினி இதுல செல்லாதும்மா” என்று அவர் சிரிக்க, அம்மாவுக்குக் கோபம். ஒரு ஊசிகூடப் போடாமல் அனுப்பிவிட்டாரே என்று பஸ் ஸ்டாண்டு வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

காலைக் காட்டச் சொல்வது மட்டும் இன்னும் போராட்டம்தான். சுகர் காலில் வேலிக்கருவை முள் ஏறினாலும் தெரியாது. அதனால் கிளினிக் வாசல் குழாயிலேயே கரிசல் மண் போகக் கழுவி, ஈரக் காலோடு உள்ளே கூட்டிப்போகிறேன். “பெரிய மனுசர் முன்னால காலை நீட்டச் சொல்லுதியேடா” என்பாள். டாக்டர் அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்திருப்பார்.